ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி...

சங்கத்தின் சித்திரைத் திருநாள் விழாவில், சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அன்பர் ஒருவர், "நீங்கள் ரயில்வேயில் இருந்தவராயிற்றே, மீட்டர் கேஜ் காலத்து நீராவி எஞ்சின்களைப் பற்றி நம் இதழுக்கு ஒரு கட்டுரை கொடுங்களேன்" என்று கேட்டார். கொடுக்கிறேன் என்றுதான் சொன்னேன். ஆனால் எழுத உட்கார்ந்தபோது எஞ்சின் வரவில்லை. வேறொரு இயந்திரம் வந்து கண் முன்னால் நின்றது. மேஜை மேல் வைக்கிற சின்னப் பெட்டி. புகை இல்லை, சத்தம் இல்லை. எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கு அது தாமதமாக வந்தது, இன்னொருவருக்கு நேரத்துக்கு வந்தது. எஞ்சின் கட்டுரையை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.

நான் டாக்டர் அல்ல. திருப்பதியில் டிப்ளமா படித்துவிட்டு, தென் மத்திய ரயில்வேயின் குண்டக்கல் கோட்டத்தில் 39 வருடம் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து, 2019ல் ஓய்வு பெற்றவன். வருடத்தில் நாலு மாதம் இங்கே மகன் வீட்டில், மிச்ச நாள் திருப்பதியில். உயிரியல் பாடத்தைப் பத்தாம் வகுப்போடு தலை முழுகிவிட்ட எனக்கு இந்த விஷயமெல்லாம் தெரிய வந்ததற்குக் காரணம் ஒன்றுதான். காசநோய் எங்கள் வீட்டில் மூன்று பேரைப் பிடித்தது. 1966ல் அப்பா, 2014ல் என் தம்பி, 2022ல் நான்.

நான் பிறந்தது பாகாலாவில். திருப்பதியிலிருந்து சித்தூர் வழியாகக் காட்பாடி போகிற பாதையில் இருக்கும் சந்திப்பு அது. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. 1911ல் தனி மாவட்டம் ஆகும் வரை சித்தூர்தான் வட ஆர்க்காடு ஜில்லாவுக்கே தலைநகராக இருந்தது என்பதால், அந்தப் பக்கத்தில் எங்களைப் போன்ற குடும்பங்களுக்குக் குறைவில்லை. அப்பா பாகாலாவில் பாயிண்ட்ஸ்மேன். தண்டவாளம் பிரிகிற இடத்தில் பாயிண்டை மாற்றிக் கொடுக்கிற வேலை.

எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது அப்பாவுக்கு இருமல் வந்தது. க்ஷயம் என்ற வார்த்தையை வீட்டில் யாரும் வாய் விட்டுச் சொல்லவில்லை. "அந்த இருமல்" என்றுதான் பாட்டி சொல்வாள். தர்மாவரம் போகிற மீட்டர் கேஜ் வண்டியில் ஏறி, மதனப்பள்ளி ரோடு ஸ்டேஷனில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து ஆரோக்கியவரம் போனால் காசநோய் சானடோரியம். கிறிஸ்தவ மிஷன்கள் பல சேர்ந்து நடத்தியது. அதன் முதல் தலைமை டாக்டர் டென்மார்க்கைச் சேர்ந்த கிறிஸ்டியன் ஃப்ரிமோட்-மோலர் என்பவர். கடல் மட்டத்துக்கு 2,000 அடிக்கு மேலே நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு, கூடவே ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. அப்பா அங்கே பதினான்கு மாதம் இருந்தார். நாங்கள் போனால் தூரத்திலேயே நிறுத்தி வைத்துத்தான் பேசுவார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சென்னையில் 1956ல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், வாலஸ் ஃபாக்ஸ் என்ற இங்கிலாந்து டாக்டரின் தலைமையில் ஓர் ஆராய்ச்சி நடத்தியது. பாதிப் பேரை சானடோரியத்தில் வைத்தார்கள். பாதிப் பேருக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தார்கள். குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை, வீட்டிலிருந்தவர்களால் குடும்பத்தாருக்கு அதிகமாகத் தொற்றவும் இல்லை என்று 1959ல் உலகத்துக்கே சொன்னார்கள். இருநூறு கிலோமீட்டர்கூட இல்லாத பாகாலாவுக்கு அந்தச் செய்தி ஏழு வருடம் கழித்தும் வந்து சேரவில்லை.

அப்பாவின் நோயைக் கண்டுபிடித்தது சளிப் பரிசோதனை. ராபர்ட் காக் 1882ல் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்துச் சொன்ன சில வருடங்களுக்குள் வந்த முறை அது. சளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, சிவப்புச் சாயம் ஏற்றி, அமிலத்தால் கழுவுவார்கள். மற்றக் கிருமிகளெல்லாம் சாயத்தை விட்டுவிடும். காசநோய்க் கிருமி மட்டும் விடாது. நீல நிறப் பின்னணியில் சிவப்புக் கோடாகத் தெரியும். மலிவான, கெட்டிக்காரத்தனமான முறை. ஆனால் ஒரு மில்லிலிட்டர் சளியில் குறைந்தது ஐயாயிரம், பத்தாயிரம் கிருமியாவது இருந்தால்தான் கண்ணில் படும். கண்ணில் பட்டாலும், எந்த மருந்துக்கு அது சாகும், எந்த மருந்துக்குச் சாகாது என்று பார்த்துச் சொல்ல முடியாது. அது தெரிய வேண்டுமென்றால் கிருமியை வளர்க்க வேண்டும். மற்றப் பல கிருமிகள் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகும். காசநோய்க் கிருமி ஏறக்குறைய ஒரு நாளைக்கு ஒரு முறைதான் இரண்டாகும். ஆகவே வளர்த்துப் பார்க்க நாலு முதல் எட்டு வாரம்.

இனி தம்பி கதை. அவன் சித்தூரில் வெல்ல மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். 2014 தீபாவளி சமயத்தில் இருமல். முதலில் பார்த்த ஒருவர் இருமல் மருந்தும் ஆண்டிபயாட்டிக்கும் கொடுத்தார், கொஞ்சம் குறைந்தது, திரும்ப வந்தது. இப்படியே இரண்டு மாதம். அந்த வகை ஆண்டிபயாட்டிக் சில காசநோயையும் அரைகுறையாக அடக்கி வைத்து ஆளை ஏமாற்றும் என்று பின்னால்தான் தெரிந்தது. பிறகு சளிப் பரிசோதனையில் கிருமி தெரிந்தது. அரசாங்கத் திட்டத்தில் வழக்கமான நான்கு மருந்துகளை ஆரம்பித்தார்கள். ஒழுங்காகச் சாப்பிட்டான், ஒரு வேளைகூடத் தவறவில்லை. அதை நான் சத்தியம் செய்து சொல்வேன், ஏனென்றால் ஊரில் எல்லோரும் அவனைத்தான் குறை சொன்னார்கள். இரண்டாம் மாதம் சளியில் கிருமி இருந்தது. ஐந்தாம் மாதமும் இருந்தது. அதன் பிறகுதான், "புதிய மிஷின் ஒன்று இருக்கிறது, அதில் பார்க்கலாம்" என்று சளியை அனுப்பினார்கள்.

காலையில் சளி போனது. மத்தியானம் பதில் வந்துவிட்டது. கிருமி உண்டு, ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான மருந்துக்கு அது கட்டுப்படாது. ஐந்து மாதமாக அவன் தின்ற மாத்திரைகளில் முதுகெலும்பு மாதிரியான மாத்திரை சும்மா வயிற்றுக்குள் போய் வந்திருக்கிறது.

"அண்ணா, ரெண்டு மணி நேரத்துல தெரியறதை ஏன் அஞ்சு மாசம் கழிச்சுப் பாத்தாங்க?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அன்றைய விதி அப்படி. மிஷின்கள் குறைவு, சோதனை விலை அதிகம். எனவே முதல் சிகிச்சையில் குணமாகாதவர்களுக்கும், ஏற்கெனவே ஒரு முறை நோய் வந்தவர்களுக்கும்தான் அந்தச் சோதனை.

அதன் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் சிகிச்சை. முதல் ஆறு ஏழு மாதம் தினமும் கானமைசின் ஊசி. அந்த ஊசி சிலருக்குக் காதைப் பாதிக்கும் என்று சொல்லித்தான் போட்டார்கள். நோய் குணமாகிவிட்டது. தம்பியின் வலது காது முழுவதும் போய்விட்டது, இடது காதில் பாதி. மண்டி வேலையும் போயிற்று.

அவனுடைய மகள் அப்போது சித்தூரில் பி.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு ஊசி போடக் கூடப் போய் வந்தவள் அவள்தான். பிறகு திருப்பதிக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கி எம்.எஸ்சி. நுண்ணுயிரியலில் சேர்ந்தாள். நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்து எல்லோரையும் தொந்தரவு செய்துகொண்டிருந்த சமயம். "பெரியப்பா, எங்க லேபைப் பாக்க வரீங்களா?" என்று ஒரு நாள் கூப்பிட்டாள். பேராசிரியரிடம் அனுமதி வாங்கியிருந்தாள்.

அங்கேதான் பி.ஸி.ஆர். என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது. வாசகர்களுக்கும் என் பாஷையிலேயே சொல்கிறேன்.

டி.என்.ஏ. என்பது எதிரெதிராக ஓடும் இரண்டு இழை. தண்டவாள ஜோடியை முறுக்கிவிட்ட மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஏ, டி, ஜி, ஸி என்று நான்கே எழுத்து. ஒரு இழையில் ஏ இருந்தால் எதிரே டி, ஜி இருந்தால் எதிரே ஸி. ஆகவே ஒரு இழை கையில் இருந்தால் மற்றதைக் கட்டிவிடலாம். குழாயில் உள்ள டி.என்.ஏ.வை 95 டிகிரிக்குச் சூடாக்கினால் இரண்டு இழையும் பிரிந்துவிடும். பிறகு 55, 60 டிகிரிக்கு இறக்க வேண்டும். நாம் தேடுகிற பகுதியின் இரு முனைகளுக்கும் பொருந்தும்படி முன்பே செய்து வைத்த இரண்டு குட்டித் துண்டுகள் அப்போது போய் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பகுதி இல்லாவிட்டால் ஒட்டாது. அதற்குப் பிறகு 72 டிகிரி. ஒரு நொதி வந்து, ஒட்டிய இடத்திலிருந்து எழுத்தெழுத்தாக எதிர் இழையைக் கட்டிக்கொண்டே போகும். ஒன்று இரண்டாயிற்று. திரும்ப 95. இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும்.

அம்பலப்புழை பால்பாயசக் கதை தெரிந்திருக்கும். சதுரங்கத்தில் தோற்ற ராஜா, முதல் கட்டத்துக்கு ஒரு நெல், அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என்று கொடுக்க ஒப்புக்கொண்டு களஞ்சியத்தையே இழந்த கதை. அதே கணக்குத்தான். முப்பது சுற்று முடிந்தால் ஒரே ஒரு துண்டு 107 கோடிக்கு மேல் ஆகிவிடும். கிருமியை வளர்க்க எட்டு வாரம் காத்திருக்க வேண்டாம். கிருமியை விட்டுவிட்டு அதன் எழுத்தை மட்டும் வளர்க்கிறோம், அதுவும் ஓரிரு மணி நேரத்தில்.

இந்த யோசனை 1983ல் காரி மல்லிஸ் என்ற அமெரிக்கருக்கு, கலிபோர்னியாவில் இரவு நேரத்தில் கார் ஓட்டிக்கொண்டு போகும்போது தோன்றியது. பத்து வருடத்தில், 1993ல், அவருக்கு நோபல் பரிசு. நம்மவர் ஒருவரின் ஆய்வுக்கூடத்துக்கும் இதில் பங்கு உண்டு என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. ஹர் கோபிந்த் குரானாவிடம் வேலை பார்த்த ஷெல் கிளெப்பே என்ற நார்வேக்காரர், குட்டித் துண்டுகளை வைத்து டி.என்.ஏ.வை இப்படிப் பெருக்கலாம் என்ற கருத்தை 1971லேயே ஒரு கட்டுரையில் எழுதியிருந்தார். யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

ஆரம்பத்தில் ஒரு சிக்கல். 95 டிகிரிக்கு ஏற்றும்போதெல்லாம் நொதி செத்துவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் ஆள் பக்கத்தில் நின்று புதிதாக நொதி விட வேண்டும், கரி அள்ளிப் போடுகிற ஃபயர்மேன் மாதிரி. தீர்வு வெந்நீர் ஊற்றிலிருந்து வந்தது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வனத்தில், கை வைக்க முடியாத சூட்டில் வாழும் ஒரு பாக்டீரியாவை தாமஸ் பிராக் என்பவர் 1960களில் கண்டுபிடித்திருந்தார். எதற்கு உபயோகம் என்று அப்போது அவருக்கே தெரியாது. அந்தப் பாக்டீரியாவின் நொதி கொதிக்கக் கொதிக்க வேலை செய்யும். அதைப் போட்டதும் ஃபயர்மேன் தேவைப்படவில்லை, மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றாயிற்று.

சூடாக்கவும் குளிர்விக்கவும் உள்ள மிஷினைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு உலோகக் கட்டி, அதில் குழி குழியாகக் குட்டிக் குழாய்கள். அடியில் பெல்ட்டியர் தகடு. காரில் வைக்கிற சின்னக் குளிர்பெட்டியில் இருக்கும் அதே சமாசாரம். மின்சாரத்தை ஒரு பக்கம் விட்டால் சூடு, திருப்பி விட்டால் குளிர்ச்சி. அசைகிற பாகம் ஒன்றும் இல்லை. பராமரிப்பு வேலையில் தலை நரைத்த எனக்கு அந்தக் கடைசி விஷயம் ரொம்பப் பிடித்தது.

பெருக்கியதைக் கண்ணால் பார்க்க ஜெல். கடற்பாசியிலிருந்து எடுத்த பொருளை வெந்நீரில் காய்ச்சி ஊற்றினால் ஜெல்லி மாதிரி உறையும். அதன் ஓரத்தில் குழி போட்டு டி.என்.ஏ.வை விட்டு மின்சாரம் கொடுத்தால், எதிர்மின்னேற்றம் உள்ள டி.என்.ஏ. நேர்முனையைப் பார்த்து நகரும். சின்னத் துண்டு சந்து பொந்தெல்லாம் புகுந்து சீக்கிரம் போகும், பெரிய துண்டு பின்தங்கும். யார்டில் தனி எஞ்சின் போவதற்கும் ஐம்பது வேகன் கூட்ஸ் போவதற்கும் உள்ள வித்தியாசம். புற ஊதா விளக்கைப் போட்டாள். இருட்டில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டை பளிச்சென்று தெரிந்தது. "இதுதான் பெரியப்பா, நாங்க தேடினது" என்றாள்.

இன்னொன்றும் கவனித்தேன். ரசாயனம் கலக்கும் அறை ஒன்று, டி.என்.ஏ. பிரிக்கும் அறை ஒன்று, பெருக்கும் அறை ஒன்று. முதலாவதிலிருந்து மூன்றாவதற்குப் போகலாம், திரும்பி வரக் கூடாது. கோடிக்கணக்கில் பெருக்கிய துண்டில் ஒரு துளி கோட்டில் ஒட்டிக்கொண்டு முதல் அறைக்கு வந்துவிட்டால், நோயே இல்லாதவருக்கும் நோய் என்று காட்டிவிடும். ஒற்றைப் பாதையில் டோக்கன் இல்லாமல் வண்டி விடக் கூடாது என்பதில் நாங்கள் எவ்வளவு கண்டிப்போ, அதே கண்டிப்பு.

தம்பிக்குப் பார்த்த பெட்டி இத்தனை அறைகளையும் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அடக்கியது. ஜீன்எக்ஸ்பர்ட் என்று பெயர். நம் நாட்டுத் திட்டத்தில் சிபிநாட் என்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரில் இதற்கு ஒப்புதல் கொடுத்தது. சளியை மருந்து நீரில் கலந்து டப்பாவில் விட்டு மூடினால், பிரிப்பது, கழுவுவது, பெருக்குவது எல்லாம் உள்ளேயே.

மருந்துக்கு அடங்குமா என்று அது எப்படிச் சொல்கிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். காசநோய்க் கிருமியின் முழு எழுத்துக் கோவையையும் 1998ல் படித்து முடித்தார்கள். இங்கே கேம்பிரிட்ஜ் பக்கத்து சாங்கர் மையமும் பாரிஸின் பாஸ்டர் நிறுவனமும் சேர்ந்து செய்த வேலை. மொத்தம் 44 லட்சம் எழுத்து. அதில் ஓர் இடத்தில், அடுத்தடுத்து உள்ள 81 எழுத்துகளுக்குள் ஏதாவது பிசகினால்தான் பெரும்பாலும் ரிஃபாம்பிசின் வேலை செய்யாது. அந்த 81 எழுத்துகளின் மேல் ஐந்து ஒளிரும் துண்டுகள் வரிசையாக உட்கார வேண்டும். சரியாகப் பொருந்தினால் ஒவ்வொன்றும் ஒளி விடும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அந்த இடத்துத் துண்டு சரியாக உட்காராது, விளக்கு எரியாது. இப்படி ஒளிரும் துண்டுகளை 1996ல் உருவாக்கிய இருவரில் ஒருவர் சஞ்சய் தியாகி, மற்றவர் ஃப்ரெட் கிராமர்.

இதைக் கேட்டதும் நான் சிரித்துவிட்டேன். முப்பத்தொன்பது வருடம் நான் செய்ததும் இதுதானே! பாயிண்ட் நாக்கு தண்டவாளத்தோடு முழுக்க ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க, நடுவில் 5 மில்லிமீட்டர் தகடு வைத்துச் சோதிப்போம். அந்த இடைவெளி இருந்தால் பாயிண்ட் பூட்டிக்கொள்ளக் கூடாது, சிக்னல் பச்சை ஆகக் கூடாது. அப்பா கையால் மாற்றிய பாயிண்டை நான் மின்சாரத்தால் சோதித்தேன். தம்பி மகள் எழுத்துக்குள் இருக்கும் பாயிண்டைச் சோதிக்கிறாள்.

வெளிநாட்டுச் சோதனையை அப்படியே இறக்குமதி செய்தால் போதாது என்பதற்கும் ஒரு கதை சொன்னாள். 1990களில் வந்த பல பி.ஸி.ஆர். சோதனைகள் காசநோய்க் கிருமியில் திரும்பத் திரும்ப வரும் ஒரு குறிப்பிட்ட துண்டைத் தேடின. அயல்நாட்டுக் கிருமிகளில் அது பத்து, இருபது இடத்தில்கூட இருக்கும், எளிதில் சிக்கும். சென்னையில் காசநோய் ஆராய்ச்சி மையத்தார் நம் ஊர்க் கிருமிகளை எடுத்துப் பார்த்தபோது, கணிசமானவற்றில் ஒரே ஒரு துண்டுதான் இருந்தது, சிலவற்றில் அதுவும் இல்லை. அந்த ஒன்றை மட்டும் நம்பிய சோதனையில் நம் நோயாளி நோயே இல்லாதவராகிவிடுவார். பின்னால் வந்த நல்ல சோதனைகள் ஒரே அடையாளத்தை நம்பாமல் இரண்டைப் பார்க்கின்றன.

2020ல் பி.ஸி.ஆர். என்ற சொல் சந்தைக்கடை வரைக்கும் வந்துவிட்டது. ஆந்திராவில் முதலில் கொரோனா சோதனை தொடங்கிய இடங்களில் திருப்பதி ஸ்விம்ஸ் மருத்துவக் கழகமும் ஒன்று. கொரோனாவில் டி.என்.ஏ. இல்லை, ஆர்.என்.ஏ.தான். அதை முதலில் டி.என்.ஏ.வாக மாற்றிக்கொண்டு பிறகு பெருக்க வேண்டும். முன்னால் உள்ள ஆர்.டி. அதைத்தான் குறிக்கிறது. அடுத்த வருடம் எல்லோரும் "உங்களுக்கு ஸி.டி. எவ்வளவு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். எத்தனையாவது சுற்றில் ஒளி தெரிந்தது என்ற எண் அது. சீக்கிரம் தெரிந்தால் கிருமி அதிகம். எங்கள் தெருக்காரர் ஒருவர் அதை ஸி.டி. ஸ்கேன் மார்க் என்று நினைத்துக்கொண்டு, தனக்கு 31 மார்க், மைத்துனருக்கு 18தான் என்று பெருமைப்பட்டார். எண்ணிக்கை கூடக்கூட நல்லது என்ற வரையில் அவர் சொன்னது சரியே.

ஆனால் அந்தச் சமயத்தில் காசநோய் மிஷின்கள் பலவற்றைக் கொரோனாவுக்குத் திருப்பிவிட்டார்கள். ஊரடங்கில் இருமல்காரர்கள் வெளியே வரவும் பயந்தார்கள். இந்தியாவில் 2019ல் பதிவான காசநோயாளிகள் 24 லட்சம். 2020ல் 18 லட்சம். நோய் குறைந்ததால் வந்த எண் அல்ல அது.

2022 ஆடி மாதம் எனக்கு இருமல் வந்தது. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை வியாதி. சர்க்கரை உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு அதிகம். நான் மிளகுக் கஷாயம் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தேன். தம்பி மகள் ஃபோனில் என் இருமலைக் கேட்டாள். "எத்தனை நாளா பெரியப்பா?" மூன்று வாரம் என்றேன். மறுநாள் காலையில் சித்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து நின்றாள். வேறு எந்த மருந்தும் வேண்டாம், முதலில் சளி என்றாள்.

இந்த முறை பெட்டி வேறு. ட்ரூநாட் என்று, பெங்களூரிலும் கோவாவிலும் உருவான நம் நாட்டுத் தயாரிப்பு. பாட்டரியிலேயே ஓடும், குளிர்சாதன அறை வேண்டாம், ஆரம்ப சுகாதார நிலையத்து மேஜையிலேயே வைக்கலாம். நகத்தளவு சிப் ஒன்றில் சோதனை. காலை ஒன்பதரைக்குச் சளி கொடுத்தேன். கிருமி உண்டு என்று முதல் சிப் சொன்னது. ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா என்று பார்க்க அடுத்த சிப். இதற்குள் விதியும் மாறியிருந்தது. காசநோய் என்று தெரிந்த ஒவ்வொருவருக்கும் தொடக்கத்திலேயே மருந்து எதிர்ப்பைப் பார்த்துவிட வேண்டும் என்பது 2018 முதல் நாடு முழுவதற்குமான திட்டம். அந்த இரண்டாவது சிப்புக்காக வெளித் திண்ணையில் காத்திருந்த ஒரு மணி நேரம் என் ஆயுளில் நீளமான ஒரு மணி நேரம். தம்பியின் காதுதான் நினைவில் இருந்தது. இரண்டு மணிக்கு உள்ளேயிருந்து வந்து, "அடங்கும் பெரியப்பா, ஆறு மாசம்தான்" என்றாள். சொல்லிவிட்டு அவள்தான் அழுதாள்.

ஆறு மாதம் தினமும் மாத்திரை. சத்துணவுக்கு என்று மாதம் 500 ரூபாய் அரசாங்கம் என் வங்கிக் கணக்கில் போட்டது. பென்ஷன்காரனுக்கு எதற்கு என்று கேட்டதற்கு, எல்லோருக்கும் உண்டு என்றார்கள். நடுவிலும் கடைசியிலும் பழைய கண்ணாடித் துண்டுப் பரிசோதனைதான் செய்தார்கள். இத்தனை உசத்தியான மிஷின் இருக்க ஏன் இது என்று கேட்டேன். செத்த கிருமியின் டி.என்.ஏ.வையும் அந்த மிஷின் பிடித்துப் பெருக்கிவிடும், குணமானவனையும் நோயாளி என்று சொல்லிவிடும் என்றாள். 140 வருடத்துக் கிழவனுக்கும் வேலை மிச்சம் இருக்கிறது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும. இங்கே இருக்கும் மகனிடம் ஆறு வாரம் வரை நான் சொல்லவில்லை. பாட்டி "அந்த இருமல்" என்று சொன்னதைப் போல நானும் "கொஞ்சம் சளி" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒழுங்காக மருந்து எடுத்தால் சில வாரத்திலேயே பெரும்பாலும் மற்றவருக்குத் தொற்றாது என்பது எனக்குத் தெரியும். வெட்கம்தான் காரணம். இந்த இதழைப் படிக்கிற எத்தனை பேருடைய ஊர் வீட்டில், ஃபோனில் "கொஞ்சம் சளி" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ! அடுத்த முறை கேட்டால், எத்தனை நாளாக என்று கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் என்றால், சளியை மிஷினில் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். சிபிநாட், ட்ரூநாட் என்ற பெயரைச் சொல்லியே கேட்கலாம், அரசாங்கத்தில் இலவசம். ரத்தத்தில் பார்க்கிறோம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். காசநோயைக் கண்டுபிடிக்க ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் சோதனைகளை இந்தியாவே 2012ல் தடை செய்துவிட்டது.

இந்த நாட்டுக்கு ஆறு மாதத்துக்கு மேல் தங்க இந்தியாவிலிருந்து வந்த நம்மவர்கள் பலர் விசாவுக்காக நெஞ்சு எக்ஸ்ரே எடுத்திருப்பீர்கள். என் மருமகளும் 2016ல் சென்னையில் எடுத்தாள். படத்தில் சந்தேகம் வந்தால் சளியை வளர்த்துப் பார்க்க இரண்டு மாதம் வரை ஆகும், டிக்கெட்டை மாற்ற வேண்டியதுதான். இங்கேயோ 2017 முதல் காசநோய்க் கிருமி கிடைத்தால் 81 எழுத்தோடு நிற்பதில்லை. வளர்த்த கிருமியின் எழுத்துக் கோவையைக் கூடியவரை முழுக்கப் படித்து, எந்த மருந்துக்கு அடங்கும், யாரிடமிருந்து யாருக்கு வந்திருக்கும் என்பது வரை பார்த்துவிடுகிறார்கள். காதைக் கெடுத்த அந்த ஊசியும் போய்விட்டது. மருந்துக்கு அடங்காத காசநோய்க்கும் இன்று ஊசி இல்லாமல், பலருக்கு ஆறே மாதத்தில் முடிகிற மாத்திரை முறை இந்தியாவிலும் வந்திருக்கிறது.

தம்பி மகள் இப்போது ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். போன மாதம் நான் புறப்படுவதற்கு முன்னால் சித்தூருக்குப் போயிருந்தேன். தம்பி காது மிஷின் வைத்திருக்கிறான், ஆனால் பாதி நாள் மாட்டுவதில்லை, இரைச்சல் என்பான். சாயங்காலம் இரண்டு பேரும் ஸ்டேஷன் வரை நடந்து போய் பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். அவன் இடது பக்கம்தான் நான் உட்காருவது வழக்கம். காட்பாடி பக்கமிருந்து வண்டி வருவது எனக்குக் கேட்டது. பாயிண்டைத் தாண்டி அது பிளாட்பாரத்துக்குள் நுழைந்த பிறகுதான் அவன் திரும்பிப் பார்த்தான்.